வால்வு ப்ரீஆம்ப்பை ஒப்பிடவும் மேம்படுத்தவும்: செட்டிநாட்டு வீடுகளுக்கான வழிமுறை

சிடி பிளேயர் போன்றவற்றின் சிக்னலை வாங்கி, ஒலியளவைக் கட்டுப்படுத்தி, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு அனுப்புவது ப்ரீஆம்ப்; வால்வு ப்ரீஆம்ப்பில் அந்த வேலையைக் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள் செய்கின்றன. இரண்டு ப்ரீஆம்ப்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று அரை டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடுதலாக ஒலித்தால் போதும். அதில்தான் குரல் தெளிவு, அதில்தான் மிருதங்கத்துக்கு உயிர் என்று காது அடித்துச் சொல்லிவிடும். லட்ச ரூபாய்க் கருவியை வாங்குவதும் வேண்டாமென்பதும் பல வீடுகளில் இந்த அரை டெசிபலில்தான் முடிவாகிறது. ஆகவே முதலில் ஒலியளவைச் சமன் செய்யப் பழகுங்கள். அடுத்து கரண்ட், எர்த், பவர் ஆம்ப்புடன் பொருத்தம். அதற்கும் அடுத்ததுதான் கண்டன்சர் (கெப்பாசிட்டர்). வால்வு மாற்றுவது கடைசி வேலை; பலரும் அதைத்தான் முதலில் செய்து பணத்தை விடுகிறார்கள்.

ஒலியளவைச் சமன் செய்வது

400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 1000 ஹெர்ட்ஸ்தான் வழக்கம் என்றாலும், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டுவதில்லை. மீட்டரை ஏசியில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். முதல் ப்ரீஆம்ப்பின் வால்யூமை ஏற்றி 2.00 வோல்ட்டில் நிறுத்தி, குமிழின் இடத்தை டேப் ஒட்டிப் பென்சிலால் குறித்துவிடுங்கள். இரண்டாவது ப்ரீஆம்ப்பும் அதே டெர்மினலில் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே நிற்க வேண்டும். 0.1 டெசிபல் என்றால் வோல்டேஜில் 1.2 சதவீதம்; அதற்குள் இருந்தால்தான் ஒப்பீடு ஒப்பீடு.

இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வால்யூம் குமிழ் கீழ்மட்டத்தில் நிற்கும்போது சாதாரண கன்ட்ரோலில் இரண்டு சேனலுக்கும் 1 முதல் 2 டெசிபல் வரை வேறுபாடு வருவது சகஜம். பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறார் என்று தோன்றினால் வால்வைச் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

துருவத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு கேத்தோடு-காமன் நிலை (வால்வின் வழக்கமான பெருக்கப் படி) உள்ள ப்ரீஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கித்தான் வெளியே விடும். கான்ராட்-ஜான்சன் ப்ரீஆம்ப்கள் பலவும் இப்படித்தான். தலைகீழாக்காத இன்னொன்றோடு ஒப்பிடும்போது, அதன் முறை வருகையில் இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிப் போட வேண்டும்.

இரண்டு கருவியும் குறைந்தது அரை மணி நேரம் சூடாகட்டும். மாற்றும்போது முதலில் பவர் ஆம்ப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகுதான் ஒயரைப் பிடுங்க வேண்டும். தினசரிப் புழக்கத்திலும் இதே ஒழுங்குதான்: ப்ரீஆம்ப் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். வால்வு சூடேறும் அந்த அரை நிமிடத்தில் வெளியீட்டில் டிசி வோல்டேஜ் துள்ளும். அந்த நேரத்தில் பவர் ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அடி விழுவது ஸ்பீக்கர் கோனுக்கு.

எது ஓடுகிறதென்று தெரியாமல் கேட்பதுதான் உண்மையான சோதனை. ஒயர் மாற்ற ஒருவரை வைத்துக்கொண்டு, பத்து முறை கேட்டு, பத்தையும் காகிதத்தில் எழுதுங்கள். ஒன்பது சரியாக வந்தால் வேறுபாடு இருக்கிறது. ஆறேழு வந்தால் குருட்டாம்போக்கிலும் அவ்வளவு வரும். கேட்பதற்குத் தம்புரா சுருதி நன்றாகக் கேட்கும் வாய்ப்பாட்டு ஒன்றும், தவில் தனி ஒன்றும் போதும். தம்புராவின் மேல்சுரங்களில் கரகரப்பும் வால்வு இரைச்சலும் வெளிப்படும். தவிலில் தொப்பிமேல் குச்சி விழும்போது அடிநாதம் உருண்டு வருகிறதா, வெறும் தட்டல் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள்.

எந்த அறையில் கேட்பது

வளவிலோ பட்டாலையிலோ உட்கார்ந்து ப்ரீஆம்ப்களை ஒப்பிட முடியாது. முட்டைவெள்ளை கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடி டைல்ஸ் அல்லது சலவைக்கல் தரை, உயர்ந்த கூரை, வரிசையாகத் தேக்குத் தூண்கள். எதுவுமே ஒலியை உறிஞ்சுவதில்லை. கை தட்டிப் பாருங்கள்: தட்டல் நின்ற பிறகும் சரசரவென்று எதிரொலி ஓடும். இரண்டு நல்ல ப்ரீஆம்ப்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு முழுக்க அந்த எதிரொலிக்கு அடியில் மறைந்துபோகும்.

வளவை ஒட்டிய உள்ளறை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தரையில் கனத்த ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். கண்டாங்கிச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் ஒற்றைத் துணி உயர் சுருதிகளை மட்டும் கொஞ்சம் அடக்கும், நடுச் சுருதி எதிரொலியை அசைக்காது. மெத்தை கனத்துக்கு ஏதாவது வேண்டும். அறையைச் சரிசெய்ததில் கிடைக்கும் தெளிவு எந்த வால்வு மாற்றியும் கிடைக்காது. இதற்குச் செலவும் இல்லை.

கெயினும் இம்பிடன்ஸும்

சிடி பிளேயரோ, டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக்கும் டேக்கோ (DAC) 2 வோல்ட் வரை தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்ப்கள் 1 முதல் 1.5 வோல்ட்டில் முழுச் சக்திக்குப் போய்விடும். அப்படியானால் ப்ரீஆம்ப்பில் 10 டெசிபல் கெயினே (பெருக்கமே) தாராளம். 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் குமிழ் எட்டு மணி, ஒன்பது மணி நிலையிலேயே நின்றுவிடும். சேனல் சமன் கெடும், வால்வின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். விலை கூடிய கருவியிலும் இந்தக் கோளாறு உண்டு.

வால்வு வகைகளில், ஈசிசி83 எனப்படும் 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100, உள் மின்தடை 60 கிலோ ஓம் அளவு. ஈசிசி81-க்குக் காரணி 60. ஈசிசி82, 6எஸ்என்7 இரண்டும் 20 சுற்றி; உள் மின்தடை 7 கிலோ ஓம் சொச்சம். ஈசிசி88-க்குக் காரணி 33, உள் மின்தடை 3 கிலோ ஓமுக்கும் கீழே. ஈசிசி83, டர்ன்டேபிளின் சன்னச் சிக்னலைப் பெருக்கும் போனோ நிலைக்குப் பொருத்தமானது. சிடி, டேக் சிக்னலுக்கான லைன் நிலைக்கு அது வந்தால் பின்னால் கேத்தோடு ஃபாலோயர் (வெளியீட்டு இம்பிடன்ஸைக் குறைக்கும் கூடுதல் வால்வு நிலை) வேண்டும்; இல்லாவிட்டால் நீள ஒயரையும் பவர் ஆம்ப்பையும் அதனால் இழுக்க முடியாது.

இம்பிடன்ஸ் என்பது ஏசி சிக்னலுக்கான மின்தடை. பவர் ஆம்ப்பின் உள்ளீட்டு இம்பிடன்ஸ், ப்ரீஆம்ப்பின் வெளியீட்டு இம்பிடன்ஸைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இருபது மடங்கு இருந்தால் நிம்மதி. இதைவிட அதிகம் கவிழ்ப்பது, டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் வெளியே விடும் கப்ளிங் கண்டன்சர். 0.47 மைக்ரோபாரட் கண்டன்சர் 47 கிலோ ஓம் உள்ளீட்டோடு சேர்ந்தால் 7 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபல் இறங்கும், கவலையில்லை. அதே கண்டன்சரை 10 கிலோ ஓம் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பில் கோத்தால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். நாதஸ்வரத்தில் இது தெரியாது, தவிலின் தொப்பியில் தெரியும். மராண்ட்ஸ் 7 போன்ற பழம்பெரும் ப்ரீஆம்ப்கள் அந்தக் கால வால்வு பவர் ஆம்ப்களின் உயர்ந்த உள்ளீட்டு இம்பிடன்ஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்போடு கோத்துவிட்டு "பழசுக்குப் பேஸ் இல்லை" என்று சொல்வது அந்தக் கருவிக்குச் செய்யும் அநியாயம்.

கணக்கு எளிது. 159-ஐ மைக்ரோபாரட்டாலும் கிலோ ஓமாலும் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். விடை 10-க்குக் கீழே நின்றால் கண்டன்சரின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

கரண்டும் எர்த்தும்

மல்டிமீட்டரை அறையின் பிளக்கில் வைத்து இரவு எட்டு மணிக்கும் அதிகாலையிலும் வோல்டேஜ் பாருங்கள். 230 வோல்ட்டுக்கு அமைத்த டிரான்ஸ்பார்மருக்கு 250 வந்தால், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.8-க்கு மேல் போகும், வால்வின் ஆயுள் குறையும். 190-க்கு இறங்கினால் ஹீட்டர் 5.2-இல் நிற்கும், எலெக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடு போதிய சூடின்றி ஒலி மந்தமாகும், கெயின் குறையும். சாயங்காலம் கேட்டால் மந்தம், நடுராத்திரி கேட்டால் துல்லியம் என்று பலர் சொல்வதன் காரணம் பாதி நேரம் இதுதான்.

ப்ரீஆம்ப் இழுப்பது பெரும்பாலும் 100 வாட்டுக்குள். அதற்கு மட்டும் 500 விஏ சர்வோ ஸ்டெபிலைசர் போதும். ஏசிக்கும் பிரிட்ஜுக்கும் போடும் ரிலே வகை வேண்டாம். அது "டக்" என்று படி தாவும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் கேட்கும். கரண்ட் போனதும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ப்ரீஆம்ப்பை ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் கத்தும், சப்ளையில் ஏராளமான உயர் அதிர்வெண் கசடு ஏறும். சைன் வேவ் என்றால் ஓட்டலாம். அமெரிக்க 117 வோல்ட் கருவியை ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அமைத்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், இரையவும் செய்யும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அதன்மேல் கை வைத்துப் பொறுக்க முடியவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரை மாற்றியாக வேண்டும்.

பழைய வீடுகளில் எர்த் ஒயரே இழுக்காத இடங்கள் உண்டு. இழுத்திருந்தாலும் நமது செம்மண்ணும் சரளையுமான பூமி சித்திரை, வைகாசியில் காய்ந்துவிட்டால் எர்த் குழி பேருக்குத்தான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 10, 20 காட்டினால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கையும் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் இட்ட குழிக்குக் கோடையில் வாரம் இருமுறையாவது இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது சிலர் சொல்லும் வழி. 300 வோல்ட் உள்ளே ஓடும் இரும்புப் பெட்டிக்கு அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது.

உறுமல் எங்கிருந்து வருகிறது

முதலில் ப்ரீஆம்ப்பைக் கழற்றிவிட்டு, பவர் ஆம்ப் உள்ளீட்டில் ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக்கைச் செருகுங்கள். உறுமினால் கோளாறு பவர் ஆம்ப்பில். அமைதியாக இருந்தால் ப்ரீஆம்ப்பை மட்டும் இணைத்து வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது கேட்கும் உறுமல் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிந்திய நிலையிலிருந்து, அல்லது சப்ளையிலிருந்து வருகிறது. குமிழை ஏற்ற ஏற்றக் கூடினால் முன் நிலைகளில் தேடுங்கள். கடைசியாக டேக், டர்ன்டேபிள் என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வாருங்கள்.

போனில் ஹெட்போன் மாட்டி 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் டோன்களைப் போட்டு ஒப்பிட்டால் இன்னும் துலங்கும். அடித்தொண்டை முனகல்போல் 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ஹீட்டர் ஒயரோ எர்த் லூப்போ காரணம். கொஞ்சம் கரகரத்த 100 ஹெர்ட்ஸ் என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையருக்குப் பின்னுள்ள கண்டன்சர் காய்ந்துவிட்டது. எர்த் லூப்புக்கு அடிக்கடி காரணமாவது கேபிள் டிவி ஒயர்: செட்டாப் பாக்ஸ் வழியே அது வேறொரு எர்த்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பிடுங்கிவிட்டுக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். "ஜிர்ர்" என்று ஒரே சீராக வந்தால் மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது அணையுங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

உள்ளே 250 முதல் 350 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கி நிற்கும். 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக இன்சுலேஷன் போட்ட ஒயரும் கிளிப்பும் பற்றவையுங்கள். ஒரு முனையைச் சேசிஸில் (கருவியின் உலோக உடலில்) மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு சப்ளைக் கண்டன்சரின் பாசிட்டிவையும் ஒரு நிமிடம் தொடுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பின்புதான் கை வைக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்து இறக்கும் பழக்கம் கண்டன்சரையும் கெடுக்கும், கையையும் சுடும். ஓடும்போது அளக்க நேர்ந்தால் கருப்பு முனையைச் சேசிஸில் கிளிப்பால் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள். மறுகை பைக்குள் இருக்கட்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு வால்வின் அனோடு, கேத்தோடு வோல்டேஜையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஈசிசி83-இல் 1, 6 ஆம் பின்கள் அனோடு. 3, 8 கேத்தோடு. 250 வோல்ட் சப்ளை, 100 கிலோ ஓம் அனோடு ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் என்றால் அனோடில் சுமார் 165, கேத்தோடில் 1.3 வோல்ட் இருக்கும். இரண்டு சேனலும் ஐந்தாறு சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் சரக்கு நல்ல நிலையில் இருக்கிறது.

கண்டன்சர்

கருவிக்கு இருபது வயது தாண்டியிருந்தால் சப்ளை எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை முதலில் மாற்றுங்கள். 105 டிகிரி வகை, பழையதற்குச் சமமான அல்லது கூடிய வோல்டேஜ். மைக்ரோபாரட்டை மட்டும் இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். ரெக்டிபையர் வால்வுக்கு அடுத்த முதல் கண்டன்சருக்கு வரம்பு உண்டு: இஇசட்81-க்கு 50, ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோபாரட். 220 போட்டால் ஆன் செய்யும் கணத்தில் ரெக்டிபையருக்குள்ளேயே தீப்பொறி பறக்கும்.

அடுத்து கப்ளிங் கண்டன்சர். பாலிப்ரொப்பிலீன் பிலிம், 400 அல்லது 630 வோல்ட். மாற்ற வேண்டுமா என்பதை அளந்தே தீர்மானிக்கலாம்: கண்டன்சருக்கு அடுத்து வரும் கிரிட் ரெசிஸ்டரின் மேல் டிசி பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் கண்டன்சர் நலம். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கசிகிறது. அடுத்த வால்வின் பயாஸ் (இயங்கு நிலை) நகர்ந்து ஒலி கலங்கும். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த பழைய ரேடியோக்களின் மெழுகுக் காகிதக் கண்டன்சர்களை "விண்டேஜ்" என்று எடுத்துப் போடாதீர்கள், அநேகமாக எல்லாமே கசியும். நல்ல பிலிம் வகைகளுக்குள் பிராண்டு மாற்றிப் பத்து மடங்கு விலை கொடுப்பதில், சமன் செய்த ஒப்பீட்டில் தாக்குப்பிடிக்கும் வேறுபாடு மிகக் கொஞ்சம். அந்தப் பணத்தை வால்யூம் கன்ட்ரோலில் போடுங்கள். ஆல்ப்ஸ் நீல வகையோ, ரெசிஸ்டர் கோத்த 24 படி அட்டெனுவேட்டரோ போட்டால் கீழ்மட்டச் சமன் உடனே நேராகும். இது காதுக்குத் தெரியும் மாற்றம்.

பற்றவைக்க 63/37 (வெள்ளீயம்/ஈயம்) சால்டர், உள்ளே ரோசின் உள்ளது, வாங்குங்கள். கடையில் சின்ன டப்பாவில் தரும் சால்டரிங் பேஸ்ட்டைத் தொடவே வேண்டாம். அதில் அமிலத் தன்மையுள்ள வகைகள் உண்டு. வால்வு சாக்கெட்டைச் சில மாதங்களில் பச்சை பூக்கவைத்து, பின்களுக்கிடையே கசிவை உண்டாக்கும்.

வால்வு

பின் ஒன்றுபோல் ஒன்பது இருப்பதால் எதையும் எதிலும் செருகலாம் என்று நினைக்கக் கூடாது. ஈசிசி83-க்கு ஹீட்டர் 4, 5, 9 பின்களில். ஈசிசி88-க்கு 4, 5 மட்டும், 9 உள்ளிருக்கும் ஷீல்டு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் ஹீட்டருக்குச் சரியான வோல்டேஜ் கிடைக்காது; சில வயரிங்கில் கருகவும் கூடும். ஈசிசி83 இடத்தில் ஈசிசி82 செருகினால் எரியாது. ஆனால் சுற்று வேறு வால்வுக்கு அமைந்தது, அனோடு வோல்டேஜ் வெகுவாக இறங்கி டிஸ்டார்ஷன் கூடும். கெயினைக் குறைக்க அது குறுக்குவழி ஆகாது. ஈசிசி88-இன் அனோடு வரம்பு 130 வோல்ட், இ88சிசி அல்லது 6922-க்கு 220. கருவியில் அனோடு 150-இல் நின்றால் 6922-தான் போட வேண்டும். ரஷ்ய 6என்1பி பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் அதன் ஹீட்டர் 600 மில்லிஆம்பியர் இழுக்கும்; 6922-க்கு 300 போதும். டிரான்ஸ்பார்மரின் தாங்குதிறன் தெரியாமல் செருகினால் அது வேகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரேடியோவாக வாங்கி வால்வு கழற்ற நினைப்பவர்கள் அறிய வேண்டியது: வீட்டு ரேடியோவில் இருப்பது பெரும்பாலும் இசிஎச்81, ஈஎபிசி80, இஎல்84, இஇசட்80 போன்றவை. ஈசிசி83 தேடுபவர்கள் பழைய மைக் செட் ஆம்ப்ளிபையர்களைப் பார்க்க வேண்டும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் வால்வுகள் அவற்றில் கிடைத்தால் அளந்து பார்த்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சாகத் தெரிவது கெட்டர். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டெலிபங்கன் என்று எழுதியிருந்தால் திருப்பிப் பிடித்து அடிக் கண்ணாடியில் பின்களுக்கு நடுவே சாய்சதுர முத்திரை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலே அச்சிட்ட எழுத்தை யாரும் புதிதாக அச்சிடலாம். புதிதாக விற்கும் முல்லார்டு, டங்-சால் ஆகியவை பழைய பெயரில் ரஷ்யாவில் செய்யப்படுபவை. ஒலிக்கு அவற்றில் குறையில்லை. பழைய சரக்கு என்று விலை கொடுத்துவிடக் கூடாது.

போட்ட பிறகு வால்யூமைக் கேட்கும் அளவில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெதுவாகத் தட்டுங்கள். மெல்லிய "டிக்" வந்தால் பரவாயில்லை. மணியடித்ததுபோல் நீண்டு ரீங்கரித்தால் அந்த வால்வை முன் நிலையிலிருந்து பின் நிலைக்கு மாற்றுங்கள். போனோ நிலையில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். அங்கே கெயின் 40 டெசிபல்.

வேலை முடிந்து முதல் முறை ஆன் செய்யும்போது சீரிஸ் லாம்ப் வழியே கொடுங்கள்: ஃபேஸ் (லைவ்) ஒயரில் 60 வாட் குண்டு பல்பு தொடராக. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் ஷார்ட். உடனே அணைத்து, எலெக்ட்ரோலிட்டிக்கின் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்பு மங்கி நின்ற பிறகே கரண்டை நேரே கொடுத்து, முன்பு எழுதிய வோல்டேஜ்களோடு ஒத்துப்பாருங்கள்.

வைக்கும் இடத்தில் மேலே நாலு விரல்கடைக்குக் குறையாமல் காற்றோட்டம் வேண்டும். துளைகள் வழியே பல்லி உள்ளே போய் 300 வோல்ட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே படுத்துவிட்டால் ரெசிஸ்டரோடு சேர்ந்து கருகும். நுண்ணிய எஃகு வலையை உள்பக்கம் ஒட்டுங்கள். துணி போட்டு மூடாதீர்கள், சூடு அடைபடும். ஐப்பசி இடி மழையிலும் கோடை மழையிலும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் பிளக்கையும், கேபிள் டிவி வழியே வந்து சேரும் ஒயர் இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.